நான்காம் தவணையில் கை கிடையாது

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஹில்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தில் சுமனின் வலது கை ஒடிந்தபோது, அதைப் பற்றி யாருக்கும் இரண்டு அபிப்பிராயம் இருக்கவில்லை. கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லொறியின் பின்பலகை, கொக்கி கழன்று அவன் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர் ஏழுமலைக்கே கேட்டது. தோட்டத்து டிஸ்பென்சர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து முட்டுக்கொடுத்துக் கட்டி, "நிக்காம பெரியாஸ்பத்திரிக்கிப் போங்க" என்றார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற அவன் வீட்டுக்காரி விஜயகலா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து லொறியில் ஏறினாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

சுமனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் பெண்பிள்ளை என்று பதிந்துதான் அவன் தாய் ஒரு பெயர் வைத்தாள். பதினேழு வயதில் முடியை வெட்டிக்கொண்டு, சட்டை மாற்றி, சுமன் என்று பேரையும் மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். லயத்து வீடுகளில் கொஞ்ச காலம் அதையே பேசினார்கள். பிறகு லொறிக்கு ஆள் கிடைக்காமல் போனது. மூட்டை தூக்குகிற ஆளிடம் யாரும் வேறெதுவும் கேட்பதில்லை என்பதால் பேச்சு தானாக நின்றது. விஜயகலாவும் அவனும் ஒரே காம்பிரா அறையில் குடித்தனம் நடத்தி வருடங்கள் ஆகிவிட்டன. அடையாள அட்டையில் மட்டும் பழைய பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் அன்றைக்கு அதைப் போதிய அளவு சொல்லிவிட்டார்கள்.

சமனலகந்த போதனா வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே மருத்துவப் பீடமும் இருக்கிறது. அந்தப் பீடத்தில் 'திருநர் நலப் பராமரிப்பு' என்றொரு பாடம் மூன்று வருடமாக நடந்துவந்தது. வெளிநாட்டு நிதி. பாடத்துக்கென்று ஒரு சின்னம் இருந்தது, மகுட வாசகம் இருந்தது, வானவில் நிறத்தில் குடைகள்கூட இருந்தன. திருநர் மட்டும் இருக்கவில்லை. மாணவர்கள் திரையில் ஓடும் படங்களைப் பார்த்துப் படித்து, திரையில் ஓடும் படங்களுக்கு வைத்தியம் செய்து, நல்ல புள்ளிகள் வாங்கினார்கள். அன்றைக்கு நிதி கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து வரச் சம்மதித்திருந்த ஒரு திருநங்கை, விடியற்காலை தொலைபேசியில் அழைத்து, போன தடவை கொழும்பில் இப்படியொரு விழாவில் தன்னை மேடையில் நிற்க வைத்தே களைப்பாக்கியது போதும் என்று சொல்லி வைத்துவிட்டார். பீடம் இழவு வீடாகக் கிடந்தது.

அப்படிப்பட்ட காலையில்தான் சுமன் வந்து சேர்ந்தான்.

நம்பர் துண்டு கொடுக்கும் எழுத்தர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். தாதியைக் கூப்பிட்டார். தாதி தலைமைத் தாதியைக் கூப்பிட்டார். தலைமைத் தாதி தொலைபேசியை எடுத்தார். எக்ஸ்ரேக்கு ஆண் வரிசையிலா பெண் வரிசையிலா என்று விஜயகலா கேட்டதற்கு, அது மேலிடத்து முடிவு, இப்போதைக்கு எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம் என்று பதில் வந்தது.

சற்று நேரத்தில் வெள்ளைக் கோட்டுகள் கூட்டமாக வந்தன. சக்கர நாற்காலி வந்தது. தண்ணீர்ப் போத்தல் வந்தது. யாரோ ஒரு வைத்தியர் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார். சுமனால் திருப்பிக் கும்பிட முடியவில்லை.

"பாத்தியா, பெரியாஸ்பத்திரின்னா பெரியாஸ்பத்திரிதான்" என்றாள் விஜயகலா.

கூட்டத்தின் நடுவில் நின்றவர் டொக்டர் கந்தையா. யாழ்ப்பாணத்தவர், அந்தப் பாடத்துக்குப் பொறுப்பாளர். சுமனை அவர் பார்த்த பார்வை, தொலைந்த பணப்பையைக் கண்டெடுத்தவன் பார்க்கும் பார்வை. தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

"எத்தினை வயசில உமக்கு ஆம்பிளை உடுப்புப் போட விருப்பம் வந்தது?"

"கை ரொம்ப வலிக்குதுங்க சார்."

"அதுக்கு வருவம். சின்ன வயசில பொம்மை வச்சு விளையாடினனீரோ, பந்து விளையாடினனீரோ?"

"கொழுந்து எடுத்தேங்க."

கந்தையா அதை எழுதவில்லை. அதற்கு அவரிடம் இடம் இருக்கவில்லை. "ஹோர்மோன் ஏதும் எடுக்கிறீரோ?" என்றார்.

"இல்லங்க."

"அதுதான். எடுக்காததால எலும்பு பலம் குறைஞ்சிருக்கு."

"லொறிப் பலகை விழுந்துச்சுங்க சார். எடுத்திருந்தா ஒடஞ்சிருக்காதுங்களா?"

"எடுத்திருந்தால் எடுத்ததால பலம் குறைஞ்சிருக்கும். ரெண்டுக்கும் ஆராய்ச்சி இருக்கு" என்று கந்தையா அன்பாக விளக்கினார்.

வலிக்கு ஒரு ஊசியாவது போடச் சொல்லி விஜயகலா கேட்டாள். கந்தையா தலையை ஆட்டி மறுத்தார். "ஊசி போட்டால் இவர் நித்திரை கொண்டிடுவார். மண்டபத்தில நூறு பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கினம். வகுப்பு முடியட்டும், பிறகு எல்லாம் வடிவாச் செய்வம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இது உங்கட சமூகத்துக்குக் கிடைச்ச பெரிய சந்தர்ப்பம்" என்றார்.

எந்தச் சமூகம் என்று சுமனுக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் தெரிந்தவரை அவன் ஒருவன்தான். வலி தோளுக்கு ஏறியிருந்தது. வைத்தியம் இந்த வழியாகத்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துச் சரி என்றான்.

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பீடாதிபதி ஒரு திரி, வெளிநாட்டு அம்மையார் ஒரு திரி, எலும்புப் பிரிவின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு திரி. கடைசித் திரியை சுமன் ஏற்ற வேண்டும் என்று அறிவித்து மெழுகுதிரியை அவன் வலது கைப்பக்கம் நீட்டினார்கள். அவன் இடது கையால் வாங்கி ஏற்றினான். எல்லோரும் படம் எடுத்தார்கள். எலும்பு நிபுணர் முன்வரிசையில் சோபாவில் போய் உட்கார்ந்தார். அவருக்கும் அந்தக் கைக்கும் இடையில் ஒரு பூச்சாடிதான் இருந்தது.

பீடாதிபதி சிங்களத்தில் பேசினார். தோட்டத்துக்காரர்கள் எல்லோரையும்போல சுமனுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"எங்கள் பீடம் திருநரை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. ஒதுக்குவதற்கு யாரும் இங்கே வந்ததில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். பட்டறைகள் நடத்தினோம். சில நுவரெலியாவில், ஒன்று பெந்தோட்டையில் கடற்கரை ஹோட்டலில். அங்கே பெற்ற தெளிவால்தான் சொல்கிறேன், இவர்களும் எங்களைப்போல மனிதர்கள்தான். இந்த முடிவுக்கு நாங்கள் அவசரப்பட்டு வந்துவிடவில்லை. உபகுழு அமைத்து ஆராய்ந்தோம். உபகுழுவில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை, அவருடைய கருத்தையும் மதித்துப் பதிவுசெய்திருக்கிறோம். இந்த வைத்தியசாலையில் திருநருக்கென்றே தனி அறை ஒன்றைப் போன மாதம் நாடா வெட்டித் திறந்தோம். பழுதாகிவிடக் கூடாதென்று அன்றைக்கே பூட்டிவிட்டோம். இன்றுவரை புத்தம் புதிதாக இருக்கிறது."

கைதட்டினார்கள். சுமனின் விரல்கள் கரணைக்கிழங்கு போலத் தடித்துவிட்டிருந்தன. வலி குறைந்து மரத்துப்போகத் தொடங்கியது. குணமாகிறது போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்தது செய்முறைப் பயிற்சி. மாணவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, மதிப்பீட்டுத் தாளில் உள்ள ஒழுங்கின்படி நோயாளியோடு பேச வேண்டும். முதல் கேள்வியைத் தமிழில் மனப்பாடம் செய்திருந்தார்கள். கந்தையா எழுதிக் கொடுத்த தமிழ்.

முதல் மாணவன் நிமிர்ந்து நின்று ஒப்புவித்தான். "தங்களை எவ்வாறு விளித்தல் தங்களுக்கு உவப்பானது?"

சுமன் விஜயகலாவைப் பார்த்தான். "கண்ண நல்லா முழிக்கச் சொல்றாங்க போல" என்றாள் அவள். அவன் கண்ணை அகலமாக விழித்தான். மாணவன் அதைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனான். அடுத்தவன் வந்து அதையே கேட்டான். சுமன் மறுபடி விழித்தான். அதற்கடுத்து ஒரு பெண் வந்தாள். வரிசை மண்டபத்தின் கதவு வரை நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள், எல்லோருக்கும் விழித்தான். கண்ணில் நீர் வழிந்தது. அதை நோயாளியின் மன உளைச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கும் தாளில் ஒரு புள்ளி இருந்தது.

கடைசியாக வந்தவள் நுஸ்கா. மாவனல்லையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். மண்டபத்தில் இருந்த மாணவர்களில் தமிழ் பேசும் பிள்ளை அவள் ஒருத்திதான். தாளைக் கையில் பிடித்தபடி வந்தவள் முதல் கேள்வியைக் கேட்கவில்லை.

"நானா, விரல் ஏன் இப்பிடி நீலமா ஈக்கி?"

அவள் வீட்டுப் பேச்சில் அண்ணனை நானா என்பார்கள். காலையிலிருந்து அந்தக் கையைப் பற்றி வந்த முதல் கேள்வி அது. விஜயகலாதான் சொன்னாள். "லொறிப் பலக விழுந்து ஒடஞ்சிருச்சு தங்கச்சி. காலைலருந்து யாரும் பாக்கல. எக்ஸ்ரே கூட எடுக்கல."

நுஸ்கா தாளைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டாள். அட்டைக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனியை அழுத்தினாள். "நோவுதா?"

"ஒண்ணும் தெரியலம்மா. யாரோட வெரலோ மாதிரி இருக்கு."

அவள் முகம் மாறியது. எழுந்து கந்தையாவிடம் போனாள். "சேர், கைக்குள்ள அழுத்தம் ஏறீட்டு. ரெத்த ஓட்டம் நிக்கப் போகுது. இப்பவே ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போகோணும். இல்லாட்டி கை போய்டும்."

"நீங்கள் முதலாம் கேள்வியைக் கேக்கேல்லை."

"சேர், கை..."

"கை எலும்பு முறிவு மூண்டாம் தவணைப் பாடம். இது நாலாம் தவணை. நாலாம் தவணையில கை கிடையாது." கந்தையா கோபப்படவில்லை. நல்ல ஆசிரியருக்குரிய பொறுமையோடு புள்ளியைக் குறைத்துக்கொண்டே பேசினார். "இந்த மனிதரை ஒரு முழு ஆளாப் பாக்கப் பழகுங்கோ. நீங்கள் ஒரு கையா மட்டும் பாக்கிறீங்கள். இதைத்தான் நாங்கள் மாத்த வேணும் எண்டு இவ்வளவு பாடுபடுறம்."

அதற்குள் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து சுமனின் வாயருகே பிடித்தார். நோயாளியின் குரலில் சில வார்த்தைகள். கந்தையா ஓடிவந்து பக்கத்தில் நின்றார். வெளிநாட்டவர்களுக்காக அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

சுமன் சிங்களத்தில்தான் தொடங்கினான். மண்டபத்தில் எல்லோருக்கும் விளங்கட்டும் என்று நினைத்தான். "மகே அத்த கெடிலா சேர்", என் கை ஒடிந்திருக்கிறது சேர், என்ற மட்டில் பீடாதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். "வேண்டாம், வேண்டாம். உங்கள் தாய்மொழியில் பேசுங்கள். அது உங்கள் உரிமை. அதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்."

சுமன் தாய்மொழியில் சொன்னான். "என் கை ஒடஞ்சிருக்குங்க. காலைலருந்து ஒடஞ்சிருக்கு. வெரல்ல உணர்ச்சியே இல்ல. யாராச்சும் கொஞ்சம் பாருங்க."

கந்தையா கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "எங்கள் கரங்கள் முறிக்கப்பட்டுள்ளன. வாழ்வின் விடியலிலேயே அவை முறிக்கப்பட்டன. எங்கள் வலியை உணர இவ்வுலகில் எவருமில்லை. எங்களைக் கண்ணெடுத்துப் பாருங்கள்."

வெளிநாட்டு அம்மையார் எழுந்து நின்றார். பீடாதிபதி எழுந்தார். எலும்பு நிபுணரும் எழுந்தார். மண்டபம் முழுதும் எழுந்தது. எல்லோரும் எழுந்ததைக் கண்ட சுமனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கடைசியில் விளங்கிவிட்டது, தூக்கிக்கொண்டு போக வருகிறார்கள் என்று நினைத்து இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தயாரானான். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று கைதட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். எலும்பு நிபுணர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஜயகலாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நுஸ்காவைப் பார்த்து, "என்ன சொல்லிப்புட்டாரு அந்தாளு?" என்று கேட்டாள். நுஸ்கா சொன்னாள். விஜயகலா நாற்காலியின் ஒரு பிடியைப் பிடித்தாள். மற்றப் பிடியை நுஸ்கா பிடித்தாள். இருவரும் மேடையின் பக்கச் சரிவால் நாற்காலியை இறக்கினார்கள்.

"குழுப்படம் இன்னும் எடுக்கவில்லை" என்று பீடாதிபதி ஒலிவாங்கியில் சொன்னார். நாற்காலி நிற்கவில்லை. கதவருகே நின்ற காவலாளி வழியை மறித்தபோது விஜயகலா அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "நான் இதுவரைக்கும் யாரையும் அடிச்சதில்ல" என்று தணிந்த குரலில் சொன்னாள். காவலாளி விலகினான்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்த இளம் வைத்தியர் கையைப் பார்த்த உடனே நிபுணருக்கு ஆளனுப்பினார். நிபுணர் விழாவுக்குக் குத்திய வானவில் பட்டியோடே ஓடிவந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மடையர்களே, இவ்வளவு நேரம் இந்த ஆளை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கத்தினார். பதில் அவர் சட்டையில் குத்தியிருந்தது.

முன்கையைக் கீறி அழுத்தத்தை இறக்கினார்கள். எலும்பைப் பொருத்தித் தகடு வைத்தார்கள். கை மிஞ்சியது. மூன்று விரல்கள் உள்ளே மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. இரண்டு இரவு சுமன் தாழ்வாரத்தில் தள்ளுகட்டிலில் படுத்திருந்தான். ஆண் வார்ட்டுக்கா பெண் வார்ட்டுக்கா என்ற முடிவு வரவில்லை. திருநருக்கான தனி அறையின் சாவி பீடாதிபதியிடம் இருந்தது. பீடாதிபதி விருந்தினர்களோடு உடவளவைக்கு யானை பார்க்கப் போயிருந்தார்.

தோட்டத்தில் லொறி வேலை போனது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைக் கூட்டும் வேலை கொடுத்தார்கள், இடது கையால் செய்யலாம் என்று.

இரண்டு மாதம் கழித்துப் பீடத்தில் ஒரு விசாரணை நடப்பதாகவும் சுமன் வர வேண்டும் என்றும் தகவல் வந்தது. டிரைவர் ஏழுமலை சந்தோஷப்பட்டார். "பாத்தியா, கேக்க ஆள் இருக்கு" என்றார். சுமனும் அப்படித்தான் நம்பினான். இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, விஜயகலாவோடு பஸ் ஏறினான்.

விசாரணை நுஸ்கா மேல். கற்பித்தலுக்கான நோயாளியை அனுமதியில்லாமல் அப்புறப்படுத்தினாள், விருந்தினர் முன் பீடத்தின் பெயரைக் கெடுத்தாள், எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படி அழைப்பது என்று நோயாளியிடம் கேட்காமலே 'நானா' என்று அழைத்தாள். நீள மேசையின் தலைமாட்டில் பீடாதிபதி இருந்தார். பக்கத்தில் கந்தையா. மேசையில் தேநீரும் கிரீம் பிஸ்கட்டும் இருந்தன. நுஸ்கா ஓரமாக நின்றாள். அவளை உட்காரச் சொல்லவில்லை.

"விரல் நீலமாப் போயிருந்திச்சு சேர். அதான் கொண்டு போன" என்றாள் அவள்.

"அந்த விசயம் மதிப்பீட்டுத் தாளில இருந்ததோ?"

"இல்ல சேர்."

கந்தையா சுமன் பக்கம் திரும்பினார். குரல் கனிந்தது. "அந்தப் பிள்ளை நானா எண்டு கூப்பிட்டது உமக்கு மனம் நொந்திருக்கும். பயப்பிடாமல் சொல்லும். உம்மட கௌரவத்துக்காகத்தான் இந்த விசாரணை."

"இல்லங்க" என்றான் சுமன். "அன்னைக்கி முழுக்க என்னைய அந்தப் புள்ள ஒண்ணுதாங்க சரியா கூப்புட்டுச்சு. நீங்கல்லாம் மைக்குல வேற பேரத்தான் சொல்லிக் கூப்புட்டீங்க."

நோயாளி பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார் என்று பதிவுசெய்யச் சொன்னார் பீடாதிபதி. பிறகு முடிவை வாசித்தார். மாணவி நுஸ்காவுக்கு மருத்துவ அறிவு போதியளவு உண்டு, பரிவு போதாது. ஆகவே திருநர் நலப் பராமரிப்புப் பாடத்தை அவள் முதலிலிருந்து மீண்டும் படிக்க வேண்டும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்து, கையொப்பமிடப் பேனாவைத் திறந்தார்.

நுஸ்கா அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அதுமட்டும்தான்.

சுமன் எழுந்து மேசையின் தலைமாட்டுக்குப் போனான். சட்டைக் கையை இடது கையால் மேலே சுருட்டினான். வலது கையைத் தூக்கி, பீடாதிபதியின் தாளுக்கு மேலே வைத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீண்ட தழும்பு. மடங்கிய மூன்று விரல்கள். கை விழுந்த வேகத்தில் ஒரு கோப்பைத் தேநீர் தளும்பியது. பீடாதிபதி பிஸ்கட் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"தயவுசெய்து கையை எடுங்கள்" என்றார். "நான் கையொப்பம் வைக்க வேண்டும்."

இம்முறை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சுமன் சிங்களத்திலேயே பதில் சொன்னான், நிதானமாக, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து. எடுக்கிறேன் சேர், இன்றைக்கு வரைக்கும் இந்த மேசையில் இருக்கிற யாரும் இதைப் பார்க்கவில்லை, எல்லோரும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டால் எடுத்துவிடுகிறேன்.

பீடாதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கந்தையா கூரையைப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

விஜயகலா போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள்.